இரட்டைக் கார்டுக் கணக்கு எங்கே உதைக்கிறது?

கணினியில் கேம் ஆடுபவர்களிடையே நெடுநாளாக ஒரு கணக்கு உலவுகிறது. உச்ச விலைக் கிராபிக்ஸ் கார்டு ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தில் நடுத்தரக் கார்டு இரண்டு வாங்கலாம். இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் வேகம் உச்சக் கார்டைத் தாண்டிவிடும். காகிதத்தில் குறை சொல்ல முடியாத கணக்கு. ஒரு காலத்தில் ஓரளவு பலிக்கவும் செய்தது. இன்று கேட்டால், கேமுக்கு ஒரே கார்டுதான் என்று தயங்காமல் சொல்வேன். ஆனாலும் விஷயத்தில் ஒரு புதிர் இருக்கிறது. கிராபிக்ஸ் சிப் என்பதே ஏராளமான சிறு கணக்கிடும் அலகுகளின் கூட்டம். என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 3090 கார்டில் அப்படி 10,496 இருக்கின்றன. ஒரு சிப்புக்குள் பத்தாயிரம் அலகுகள் ஒத்துழைக்கும்போது, இரண்டு சிப்புகள் ஏன் ஒத்துழைக்க மாட்டேன் என்கின்றன?

1998-ல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் தன் வூடூ2 கார்டுகள் இரண்டை இணைக்க வழி செய்தது. திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒரு கார்டு வரையும், இரட்டைப்படை வரிகளை மற்றது வரையும். எஸ்எல்ஐ என்ற பெயர் அங்கே பிறந்ததுதான். அந்த நிறுவனம் நொடித்து, அதன் தொழில்நுட்பம் என்விடியாவின் கைக்குப் போனது. 2004-ல் என்விடியா அதே பெயரில் இரட்டைக் கார்டு முறையைக் கொண்டுவர, மறு ஆண்டே ஏடிஐ நிறுவனம் கிராஸ்ஃபயருடன் போட்டிக்கு வந்தது. இதற்குள் கேம்கள் மாறியிருந்தன. திரையைப் பங்கு போட்டாலும், காட்சியில் உள்ள பொருள்களின் வடிவத்தைக் கணக்கிடும் வேலையில் பெரும்பகுதியை இரண்டு கார்டுகளும் தனித்தனியே செய்ய வேண்டியிருந்தது. அதனால் திரையை விட்டுவிட்டுக் காலத்தைப் பங்கு போட்டார்கள்: முதல் ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் படங்களில் ஒன்று) ஒரு கார்டுக்கு, அடுத்தது மற்றதற்கு, மூன்றாவது மீண்டும் முதல் கார்டுக்கு.

இதில்தான் முதல் கோளாறு. ஒவ்வொரு கார்டும் ஒரு ஃபிரேமுக்கு 33 மில்லி வினாடி எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சரியாகப் பாதி இடைவெளியில் மாறி மாறி முடித்தால், ஏறக்குறைய 16.5 மில்லி வினாடிக்கு ஒரு ஃபிரேம் வரும், வினாடிக்கு 60. ஆனால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முடித்தால்? ஒரு ஃபிரேம் 4 மில்லி வினாடியில் வரும், அடுத்தது 29-ல், மறுபடி 4, மறுபடி 29. சராசரி அதே 60தான். கண்ணுக்கோ 30 போலத்தான் தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வர வேண்டிய தடத்தில், இருபது நிமிடம் காக்க வைத்துவிட்டு இரண்டு பஸ்கள் ஒட்டிக்கொண்டு வருமே, அதே கதை. வேகத்தைச் சராசரியில் மட்டும் அளந்த காலத்தில் இந்தத் திக்கல் எண்களில் சிக்கவில்லை. 2013-ல் ஒவ்வொரு ஃபிரேமும் திரையைத் தொடும் நேரத்தைத் தனித்தனியே பதிவு செய்யும் அளவீடுகள் பரவின; குட்டு வெளிப்பட்டது. இடைவெளியைச் சீராக்கும் டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, ஏடிஐயை வாங்கியிருந்த ஏஎம்டி அதே ஆண்டில் வெளியிட்டது.

இடைவெளி சீரானாலும் தீராத குறை ஒன்று உண்டு. வினாடிக்கு வரும் ஃபிரேம்களின் எண்ணிக்கை கூடியதே தவிர, ஒரு ஃபிரேம் உருவாகும் நேரம் குறையவில்லை. சுடும் பொத்தானை அழுத்தியதும் அதன் விளைவைத் தாங்கிய படம் தயாராக இன்னமும் 33 மில்லி வினாடி ஆகிறது. 60 ஃபிரேம் தரும் ஒற்றைக் கார்டு அதை 16.7-ல் முடித்துவிடும். ஒரே 60, இரண்டு வேறு அனுபவங்கள்.

மெமரியும் கூடுவதில்லை. எந்த ஃபிரேமையும் எந்தக் கார்டும் வரைய நேரலாம் என்பதால், காட்சிக்குத் தேவையான எல்லாமே இரண்டிலும் இருந்தாக வேண்டும். 2012-ல் வந்த ஜிடிஎக்ஸ் 690 ஒரே பலகையில் இரண்டு சிப்புகளைக் கொண்டது. பெட்டியில் 4 ஜிபி என்று போட்டிருந்தார்கள்; கேமுக்குப் பயன்பட்டது 2 ஜிபி. வியாபாரிகளின் கூட்டல் அது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். முறையையே சாய்த்தது வேறொன்று: ஃபிரேம்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழத் தொடங்கின. இன்றைய கேம்கள் விளிம்புகளின் பல்பல்லான தோற்றத்தை நீக்க, முந்தைய ஃபிரேமை இப்போதைய ஃபிரேமுடன் கலக்கின்றன. குறைந்த பிக்சலில் வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் டிஎல்எஸ்எஸ் போன்ற உத்திகளும் பழைய ஃபிரேம்களிலிருந்தே நுணுக்கங்களைப் பொறுக்கி எடுக்கின்றன. அந்த முந்தைய ஃபிரேமோ அடுத்த கார்டில் கிடக்கிறது. 4கே திரையில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள். பிக்சலுக்கு 8 பைட் வைத்தால் 66 எம்பி. கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0-இல், தகவல் ஓடும் 16 தடங்கள் வழியே, வினாடிக்கு ஏறக்குறைய 16 ஜிபி வேகத்தில் அதை நகலெடுக்க 4 மில்லி வினாடி ஆகும். 60 ஃபிரேம் வேண்டுமென்றால் கையிருப்பதே 16.7; அதில் கால் பங்கு போக்குவரத்துக்கே சரி. அதே 66 எம்பியை 3090 தன் சொந்த மெமரியிலிருந்து, வினாடிக்கு 936 ஜிபி வேகத்தில், 0.07 மில்லி வினாடியில் படித்துவிடும். புதிருக்கு விடை இதுதான். பத்தாயிரம் அலகுகள் ஒத்துழைப்பது அவை ஒரே மெமரியின் மேல் உட்கார்ந்திருப்பதால்.

போதாததற்கு, கேமும் கார்டும் பேசிக்கொள்ள உதவும் மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் மென்பொருளின் 12-ஆம் பதிப்பு, 2015-ல் வந்தபோது, பல கார்டுகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பைக் கேம் தயாரிப்பவர்களின் தலையில் கட்டியது. இரண்டு கார்டு வைத்திருப்பவர்களே சொற்பம். அவர்களுக்காக யார் மெனக்கெடுவார்கள்? என்விடியாவின் 30 வரிசையில் 2020-ல் வந்த கார்டுகளில் 3090-க்கு மட்டுமே இரண்டு கார்டுகளைச் சேர்க்கும் இணைப்பான் இருந்தது. 2021 ஜனவரியிலிருந்து கேம் கார்டுகளின் டிரைவரில் புதிய எஸ்எல்ஐ அமைப்புகளைச் சேர்ப்பதை என்விடியா நிறுத்திக்கொண்டது. அடுத்த வரிசையின் 4090-இல் அந்த இணைப்பானே இல்லை.

கேமை விட்டு வெளியே வந்தால் நிலைமை நேர் எதிர். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் அனிமேஷன் உருவாக்குபவர் ஃபிரேம்களைக் கார்டுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம். முடிந்த பிறகு வரிசைப்படுத்தினால் போதும் என்பதால் எது முந்தினாலும் கவலையில்லை. அவருக்கு இரண்டு கார்டு நல்ல முதலீடு.

கேமிலும் ஒரு சின்ன வாசல் அண்மையில் திறந்திருக்கிறது. லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற மென்பொருள், ஒரு கார்டு வரைந்து முடித்த ஃபிரேம்களுக்கு நடுவே செருக வேண்டிய இடை ஃபிரேம்களை இரண்டாவது கார்டில் உருவாக்க விடுகிறது. முடிந்த படம் மட்டும் கைமாறுவதால் இது ஓடுகிறது. கார்டுகள் ஒரே வகையாக இருக்க வேண்டியதும் இல்லை. அசைவு வழுவழுப்பாகும், பொத்தானுக்குப் பதில் வரும் வேகம் மட்டும் அதிகரிக்காது. வீட்டில் பழைய கார்டு சும்மா கிடந்தால் முயன்று பார்க்கலாம், இதற்கென்று புதிதாக வாங்கச் சொல்ல மாட்டேன். பூட்டும் முன் மதர்போர்டின் கையேட்டைப் புரட்டுங்கள். பல பலகைகளில் இரண்டாவது ஸ்லாட்டுக்குக் கிடைப்பது நான்கு தடங்கள்தான். சிலவற்றில் அதை நிரப்பினால் முதல் ஸ்லாட்டின் 16 தடங்கள் எட்டாகக் குறைந்துவிடும்.