ஒரு புள்ளிக்கு எத்தனை பைட்? மலிவு விஜிஏ கார்டில் எதைக் குறைக்கிறார்கள்

என்விடியா 2017இல் ஜிடி 1030 என்றொரு சின்ன விஜிஏ கார்டை, அதாவது கேமின் படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் கார்டை, வெளியிட்டது. அடுத்த வருடமே அதே பெயரில் இன்னொரு கார்ட் கடைக்கு வந்தது. இரண்டிலும் கணக்குப் போடும் கருக்கள் 384, இரண்டின் பெட்டியிலும் நினைவகம் 2 ஜிபி என்றுதான் போட்டிருக்கும். ஆனால் முதலாவதில் இருந்தது ஜிடிடிஆர்5 நினைவகம், இரண்டாவதில் டிடிஆர்4. முதலாவது நினைவகம் செக்கனுக்கு 48 ஜிபி தரவைப் படத்தை வரையும் சிப்புக்குக் கொடுக்கும். இரண்டாவது கொடுப்பது 16.8 ஜிபி. பல கேம்களில் இரண்டாவது கார்டின் வேகம் முதலாவதின் பாதியளவில் போய் நின்றது.

திருகோணமலையில் விஜிஏ வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது "எத்தனை ஜிபி?" என்றுதான். கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகத்துக்குப் படிக்க வந்த பிள்ளையும் சரி, உவர்மலையில் வீடியோ எடிட்டிங் செய்கிறவரும் சரி, இதற்கு விலக்கில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய பிறகு, கார்ட் ஒன்றுக்குக் காசு சேர்ப்பதே பெரும்பாடு. அப்படிச் சேர்த்த காசை ஜிபியை மட்டும் பார்த்துக் கொடுப்பது வீண். கொள்ளளவு எவ்வளவு என்பதை விட, அந்தக் கொள்ளளவுக்குள் இருப்பது எவ்வளவு விரைவாகச் சிப்பின் கைக்கு வருகிறது என்பதே மலிவுக் கார்டின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. விலையைக் குறைக்கக் கம்பனிகள் முதலில் கைவைப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஒரு கணக்குப் போடுவோம். 1080 திரையில் 1920 × 1080, அதாவது 2,073,600 புள்ளிகள். செக்கனுக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெக்கன். டிடிஆர்4 உள்ள 1030இன் 16.8 ஜிபியை 60ஆல் வகுத்து, வந்ததைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு படத்தில் ஒரு புள்ளிக்கு 135 பைட் வருகிறது. ஜிடிடிஆர்5 உள்ளதற்கு 386. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐக்கு (செக்கனுக்கு 112 ஜிபி) 900. 2017இல் வந்த ஆர்எக்ஸ் 580க்கு (256 ஜிபி) 2,000க்குச் சற்று மேல்.

ஒரு புள்ளியின் கடைசி நிறத்தை எழுதி வைக்க 4 பைட் போதும். அப்படியென்றால் 135 தாராளம் அல்லவா? இல்லை. கேமில் ஒரு சுவரின் ஒரு புள்ளியை வரைய, அது வேறெதற்கும் பின்னால் மறைந்திருக்கிறதா என்று முதலில் ஆழத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். பிறகு சுவரின் நிறப்படம், மேடுபள்ளப் படம், பளபளப்புப் படம் என்று ஒவ்வொன்றிலிருந்தும் பக்கத்துப் பக்கத்து மாதிரிகளை எடுத்துச் சராசரி காண வேண்டும். நிழலுக்குத் தனிப் படம் இருக்கும். ஒளிக் கணக்கின் இடைநிலை விடைகளை நினைவகத்தில் எழுதி, திரும்பவும் வாசிக்க வேண்டும். எல்லாம் முடிந்த பின் மங்கல், ஒளிவட்டம், விளிம்பு மென்மை என்று முழுத் திரையையும் பல தடவை வாசித்து எழுதும் வேலை வரும். அதற்குள் அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு மரமும் மரத்துக்கு முன்னால் ஒரு ஆளும் வந்துவிட்டால், முதலில் வரைந்ததெல்லாம் வீண் செலவு. சிப்புக்குள் இருக்கும் கேஷ் என்ற சிறு நினைவகமும் தரவுச் சுருக்கமும் இந்தச் செலவில் ஒரு பகுதியை மிச்சம் பிடிக்கின்றன. ஆனாலும் 135 பைட்டில் குடும்பம் நடத்த முடியாது.

இனிச் சிப்புக்குள் போவோம். சிபியூவில் நாலோ ஆறோ கருக்கள் இருக்கும், ஒவ்வொன்றும் தன் பாட்டில் முடிவெடுத்து ஓடும். விஜிஏ சிப்பின் வேலைமுறை வேறு. என்விடியா சிப்பில் 32 திரிகள், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கென்றும் ஓடும் கணக்குகள், சேர்ந்தது ஒரு குழு, குழு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே கட்டளையைத்தான் செய்யும். உப்புவெளிக் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்: ஒரே கயிறு, ஒரே தாளம், நடுவில் நிற்கும் ஒருவருக்கு மட்டும் வேறு வேலை கொடுக்க முடியாது. ஒரு குழுவில் பாதிப் புள்ளிகள் வெயிலிலும் பாதி நிழலிலும் விழுந்தால், வெயில் கணக்கு நடக்கும்போது நிழல்காரர் சும்மா நிற்பார்கள், பிறகு மற்றவர்களின் முறை வரும். திரையின் புள்ளிகள் பெரும்பாலும் பக்கத்துப் புள்ளி செய்வதையே செய்வதால் இந்த ஏற்பாடு நட்டப்படுவதில்லை.

நினைவகத்திலிருந்து ஒரு தரவு வந்துசேரச் சிப்பின் நூற்றுக்கணக்கான கடிகாரத் துடிப்புகள் கழிந்துவிடும். அதுவரை சிப் வெறுமனே இருக்காது. தரவு கேட்ட குழுவை ஒதுக்கி வைத்துவிட்டு, தரவு கைக்கு வந்துவிட்ட இன்னொரு குழுவை எடுத்து ஓட்டும். ஆயிரக்கணக்கான திரிகளை இப்படி மாற்றி மாற்றி ஓட்டுவதால் காத்திருப்பு வெளியே தெரியாது. ஆனால் இந்தத் தந்திரம் தாமதத்தைத்தான் மறைக்கும், வரும் தரவின் அளவைக் கூட்டாது. எல்லாக் குழுக்களும் தரவு கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நிலை வந்தால், 384 கரு இருந்தாலும் 800 இருந்தாலும் ஒன்றுதான். அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் விஜிஏ 100 வீதம் வேலை செய்வதாகக் காட்டும். காத்திருப்பதையும் அது வேலையென்றே எண்ணிக்கொள்கிறது. கார்ட் இழுக்கும் வாற்றையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு, அது வழக்கத்தை விடக் குறைந்திருப்பதில் விசயம் பிடிபடும்.

நினைவகத்தின் அகலத்தை, அதாவது ஒரே தடவையில் எத்தனை பிட் கொடுக்கிறது என்பதை, கண்ணாலேயே எண்ணலாம். சூட்டைத் தள்ளும் ஹீட் சிங்கைக் கழற்றி, காய்ந்துபோன தேர்மல் பேஸ்ட்டைத் துடைத்தால், நடுவில் கண்ணாடி போல மினுங்கும் சிப் தெரியும். அதைச் சுற்றி விரல் நகத்தளவில் கறுப்புச் சதுரங்கள் இருக்கும், அவைதான் நினைவகம். ஜிடிடிஆர்5 என்றால் ஒவ்வொரு சதுரமும் 32 பிட் அகலத்தில் சிப்போடு பேசும். 1050 டிஐயில் நாலு சதுரம், ஆகவே 128 பிட். ஆர்எக்ஸ் 580இல் எட்டு, 256 பிட். கம்பனி ஒரு சதுரத்தைக் குறைத்தால் அந்தச் சதுரத்தின் விலை மட்டுமல்ல, சிப்பின் ஓரத்தில் அதற்கான சுற்றும், போர்டில் அதற்கான செப்புக் கோடுகளும் மிச்சம். மலிவுக் கார்ட் மலிவாவது இப்படித்தான்.

இன்னொரு குறுக்கலும் உண்டு, அது கார்டின் அடியில் இருக்கும் தங்க நிறப் பல் வரிசையில். ஏஎம்டி 2022 ஜனவரியில் விட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியின் 4 ஜிபி நினைவகம் செக்கனுக்கு 144 ஜிபி தரும், மோசமில்லை. ஆனால் மதர்போர்டோடு பேச அதற்கு இருப்பது 4 பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்கள் (தரவு போய்வரும் பாதைகள்) மட்டும். பிசிஐ எக்ஸ்பிரஸின் நாலாம் தலைமுறை போர்டில் அது செக்கனுக்கு 8 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றாம் தலைமுறை போர்டில் அதிலும் பாதி, ஏறத்தாழ 3.9 ஜிபி. இன்டெல்லின் பத்தாம் தலைமுறை வரைக்குமான சிபியூக்கள் பிசிஐ எக்ஸ்பிரஸின் மூன்றாம் தலைமுறைக்கு மேல் போவதில்லை. கேம் 4 ஜிபிக்குள் அடங்கும்வரை பிரச்சினை தெரியாது. நிரம்பி வழிந்து, மிச்சத் தரவை கொம்பியூட்டரின் ராமிலிருந்து எடுக்க வேண்டி வந்தால், மூன்றாம் தலைமுறை போர்டில் அந்த வழியில் ஒரு புள்ளிக்குக் கிடைப்பது 31 பைட். ஓடிக்கொண்டிருந்த கேம் அங்கங்கே இழுபட்டு நிற்கும். இந்தக் கார்டில் எச்.264 என்ற சுருக்க முறையில் வீடியோவை எழுதும் வன்பொருளும் இல்லை, ஆகவே எடிட்டிங்காரர்கள் அதன் பக்கம் போகவே தேவையில்லை. என் அபிப்பிராயத்தில், பழைய போர்ட் வைத்திருப்பவருக்கு ஒருபோதும் சிபாரிசு செய்யக்கூடாத கார்ட் இது.

கையில் இருக்கும் கார்டை மாற்றாமலே ஒரு புள்ளிக்கான பங்கைக் கூட்டவும் வழி இருக்கிறது: புள்ளிகளைக் குறைப்பது. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் என்ற மென்பொருள் வசதியைத் தரமான நிலையில் வைத்தால், 1080 திரைக்குக் கேம் உள்ளுக்குள் 1280 × 720இல் வரையப்பட்டுப் பின்னர் பெரிதாக்கப்படும். 720இல் புள்ளிகள் 921,600 மட்டும், ஆகவே ஒவ்வொன்றின் பங்கும் 2.25 மடங்காகிறது. இதே வேலைக்கு என்விடியா வைத்திருக்கும் டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் வரிசைக் கார்டுகளில்தான் ஓடும், எஃப்எஸ்ஆரின் முதல் இரண்டு பதிப்புகளும் பழைய கார்டுகளிலும் ஓடும்.

அடுத்தது கரண்ட். இங்கே பொடியன்மார் வீடுகளில் இருக்கும் டெஸ்க்டாப்புகளில் கனக்க, அலுவலகங்களில் கழித்து, துடைத்து விற்கப்பட்டவை. அவற்றின் பவர் சப்ளையிலிருந்து விஜிஏக்கென்று தனி வயர் வராது. மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லொட் தரக்கூடியது அதிகபட்சம் 75 வாற்று. ஆறு முனை வயர் வந்தால் இன்னொரு 75, எட்டு முனை என்றால் 150. ஆர்எக்ஸ் 580 என்ன மலிவுக்குக் கிடைத்தாலும், 185 வாற்று கேட்கும் அதை இந்தப் பெட்டிகளில் வைக்க முடியாது. ஸ்லொட்டோடு திருப்திப்படுகிறவை என்று பார்த்தால் 1050 டிஐயின் பல மாடல்கள், 2019இல் வந்த 1650இன் ஒரு சில மாடல்கள், 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை ஆகியன. கடைசியில் சொன்னது 70 வாற்றில் செக்கனுக்கு 168 ஜிபி தருகிறது, ஒரு புள்ளிக்கு 1,350 பைட். வயர் இல்லாத பெட்டிக்கு எனக்குத் தெரிந்த நல்ல தெரிவு அதுதான். 3050இன் 8 ஜிபி வகைக்கு 130 வாற்று வேண்டும், பெயரில் ஏமாறக் கூடாது. கேசிங் ஒல்லியானது என்றால் கார்டின் உயரத்தையும் அளந்து பார்க்க வேண்டும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே அறைக்குள் 35 பாகை சாதாரணம். ஹீட் சிங் வெப்பத்தைத் தள்ளுவது காற்றுக்கும் தனக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தை வைத்துத்தான். ஆகவே 25 பாகை ஏசி அறையில் 73இல் நிற்கும் சிப், அதே ஃபேன் வேகத்தில் இங்கே 83இல் நிற்கும். பல என்விடியா கார்டுகள் அந்த இடத்தில்தான் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். ஃபேனைக் கூட்டுவது ஒரு வழி. வோல்ட்டைக் குறைப்பது அதைவிட நல்ல வழி, ஏனென்றால் சிப் தின்னும் மின்வலு வோல்ட்டின் வர்க்கத்தோடு மாறுகிறது. அதே துடிப்பு வேகத்தில் 1.05 வோல்ட்டை 0.95 ஆக்கினால் சிப்பின் சுவிட்சுகள் எரிக்கும் வலுவில் 18 வீதம் குறையும். எல்லாச் சிப்பும் இதற்கு ஒத்துவராது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கேம் விழுந்தால் ஒரு படி ஏற்ற வேண்டும்.

வெப்பத்தை விட எங்களூர்க் கார்டுகளைத் தின்பது உப்பு. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்து திரவமாகும். வாடைக்காற்றுக் காலத்து இரவுகளில் அந்த அளவை எட்டுவது ஒன்றும் அரிதில்லை. அலுமினியத் தகடும் செப்புக் குழாயும் தொடும் இடத்தில் அந்த உப்புநீர் படிந்தால் அது ஒரு குட்டி மின்கலம், அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைத் தூளாகும். திருக்கடலூர்ப் பக்கம் கடலைப் பார்த்த வீடுகளிலிருந்து வரும் கார்டுகளின் தகட்டு ஓரங்களில் இந்தத் தூளைத் தொட்டுப் பார்க்கலாம், ஸ்குரூவின் தலையிலும் துரு இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கார்டுக்கு இந்த ஆபத்துக் குறைவு. சூடான பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதன் இறங்கிவிடுவதால் அங்கே உப்பு கரையாது. மழைக்காலம் முழுக்கப் பாவிக்காமல் மூடி வைத்த கார்டுதான் தையில் போட்டால் எழும்பாமல் கிடக்கும். ஆகவே மாரியில் கேம் விளையாட ஒரு சாட்டு வேண்டுமென்றால் இதோ இருக்கிறது.

பாவித்த கார்ட் வாங்குவதென்றால் ஒரு பழங்கதை தெரிந்திருக்க வேண்டும். ஈதரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைத் தோண்டுகிற, அதாவது விஜிஏயில் கணக்குப் போட்டு உழைக்கிற வேலைக்கு வேண்டியது நினைவக வேகம்தான், அதனால் ஆர்எக்ஸ் 580களைத் தோண்டுகிறவர்கள் அள்ளினார்கள். 2022 செப்டெம்பர் 15 அன்று ஈதரியம் அந்த முறையைக் கைவிட்டது, கார்டுகள் எல்லாம் சந்தைக்கு வந்தன. அவற்றில் ஃபேன் தேய்ந்திருக்கும், கார்டின் அடிப்படை மென்பொருளான பயோஸும் சிலதில் மாற்றி எழுதப்பட்டிருக்கும். சீனச் சந்தைக்கென்று 2,304 கருக்களுக்குப் பதில் 2,048 கருக்களோடு விற்ற 580 ஒன்றும் உண்டு, அது உள்ளுக்குள் ஒரு படி குறைந்த ஆர்எக்ஸ் 570தான்.

போன கிழமை தம்பலகாமத்திலிருந்து ஒரு தம்பி ஃபோனில், "அண்ணா, 1050 டிஐ ஒண்டு விலைக்கு வந்திருக்கு, நாலு ஜிபியாம், எடுக்கலாமோ?" என்றான். படம் அனுப்பினான். பின்பக்கத்தில், பழைய மொனிட்டர்களுக்கு அனலொக் சமிக்ஞை அனுப்பும், விஜிஏ என்றே பெயருள்ள நீல நிறச் சொக்கெட் இருந்தது. 1050 டிஐ தலைமுறைச் சிப் அனலொக் சமிக்ஞையே வெளியிடாது, பழைய ஜிடிஎஸ் 450இன் பயோஸை மாற்றி 1050 டிஐ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். "படம் காணாது, கார்டைப் போட்டு, அதின்ர விவரம் காட்டுற ஜிபியூ-இசட் மென்பொருளை ஓடவிட்டு ஸ்கிரீன்ஷொட் கேள். கரு 768, பஸ் (நினைவக அகலம்) 128 பிட், பாண்ட்விட்த் செக்கனுக்கு 112 ஜிபி. பெயருக்கு முன்னால ஃபேக் எண்டு விழுந்தா விடு" என்றேன். அசலாகவே இருந்தாலும், அந்த வரிசைக் கார்டுகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவரை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்பதையும் சொன்னேன். விற்கிறவர் ஸ்கிரீன்ஷொட் தரவில்லை. தம்பி இப்போது 3050க்குச் சீட்டுப் போட்டிருக்கிறான்.