டப்போ தாண்டினால் ஊமையாகும் போன்

சென்னையில் வாங்கிய போன் சிட்னியில் நன்றாகப் பேசுகிறதாம். டப்போ என்ற ஊரைத் தாண்டி, இன்னும் உட்பகுதியில் இருக்கும் பர்க் ஊருக்குப் போகும் வழியில் ஊமையாகிவிடுகிறதாம். "பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பருக்கும் அதே கம்பெனி சிம்தான். அவருக்கு மட்டும் எப்படி இரண்டு கோடு?" என்று நியூ சவுத் வேல்ஸிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்.

அதிர்வெண் குறைந்தால் அலை அதிக தூரம் போகும். நகரத்தில் டவர்கள் நெருக்கமாக இருப்பதால் 1800 மெகாஹெர்ட்ஸே போதும். ஆளில்லாத ஆஸ்திரேலிய உட்பகுதியில் 700தான் கட்டுப்படியாகும். 4ஜியில் அதற்குப் பெயர் பேண்ட் 28. அது இல்லாத போன்கள் 850-இல் ஓடிய 3ஜியை வைத்துச் சமாளித்துவந்தன. 2024 அக்டோபரில் அதையும் மூடிவிட்டார்கள்.

சரி, அப்டேட் போட்டால் 28 வந்துவிடாதா? வராது. ஆன்டெனாவில் டிவி, ரேடியோ, அடுத்த வீட்டு வைஃபை எல்லாம் கலந்தடித்து வந்து விழும். அதிலிருந்து வேண்டியதைப் பொறுக்குவது லித்தியம் டான்டலேட் போன்ற படிகத்தில் செய்த ஒரு துளி வடிகட்டி. அதன் மேல் சீப்புப் பற்கள் மாதிரி உலோகக் கோடுகள். அந்தப் பற்களில் மின் அலை ஏறியதும் படிகம் நடுங்கும். வந்த அலை ஒலியாக மாறிவிடும்! காதுக்கு எட்டாத அந்த ஒலி படிகத்தின் மேல்தோலில் நொடிக்குச் சுமார் 4 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. காற்றில் 40 சென்டிமீட்டர் நீளமாக வந்த அலை, இங்கே 5 மைக்ரானாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் பத்துக்கு மேல் அடங்கும். பற்களின் இடைவெளிக்கு ஒத்துப்போகிற அலை மட்டும் வலுத்து மறுபடி மின்சாரமாகும், மற்றவை தேய்ந்துபோகும். எனக்கு இது சங்கீத வாத்தியம் போலத்தான் படுகிறது. சுதியை மாற்ற வேண்டுமானால் சீப்பையே மாற்ற வேண்டும், மென்பொருளால் ஆகாது. அதிலும் 28 ரொம்ப அகலம். ஒரு சீப்பு போதாமல், அதை இரண்டாகப் பிரித்து வடிகட்டும்படிதான் திட்டமே போட்டார்கள்.

இந்தியாவில் 2016, 2021 அலைவரிசை ஏலங்களில் 700-ஐ வாங்க ஆளில்லை. 2022-இல்தான் ஜியோ வாங்கியது. அதுவரை யாருமே பயன்படுத்தாத அலைக்கு எந்தக் கம்பெனி காசு போட்டுச் சீப்பு வைத்திருக்கும்? அது நியாயம்தான். ஆனால் கேமரா மெகாபிக்சலைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் பேண்ட் பட்டியலையும் பெட்டியில் அச்சடிக்கலாமே! போன் முதுகில் ஒட்டும் 'சிக்னல் ஸ்டிக்கர்' விற்பவர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வாசகர் அனுப்பிய மாடல் எண்ணைத் தேடிப் பார்த்தேன். அதில் இருக்கும் பேண்டுகள் 1, 3, 5, 8, 40, 41. அதோடு சரி.