சிறுபோகத் தண்ணீரில் உங்கள் பங்கு: பயிர்ச்செய்கைக் கூட்டம் பற்றி

வன்னியில் வயலுக்கு உறுதி இருந்தால் மட்டும் போதாது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரை என்று எந்தக் குளத்தின் கீழ் வயல் இருந்தாலும், இந்தப் போகம் அதற்குத் தண்ணீர் உண்டா, எத்தனை ஏக்கருக்கு என்பது போகம் தொடங்குமுன் கமக்காரரும் அதிகாரிகளும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில்தான் முடிவாகிறது. "அங்க போய் என்ன செய்ய?" என்று வீட்டில் நிற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டப்படி, பெரும்பான்மையாக எடுத்த முடிவு கூட்டத்துக்கு வராதவரையும் கட்டுப்படுத்தும்.

80 ஹெக்டேயர், அதாவது சுமார் 200 ஏக்கர் வரை பாயும் குளங்கள் சிறு குளங்கள். அவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அதைவிடப் பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்திடம். அதிலும் இரணைமடு மாகாணத் திணைக்களத்தின் கையில், மன்னார் கட்டுக்கரைக்குளம் மத்திய திணைக்களத்தின் கையில். பெரிய குளங்களின் கூட்டத்துக்கு மாவட்டச் செயலாளரோ அவர் சார்பில் ஒருவரோ தலைமை தாங்குவார்.

மாரி மழையோடு செய்யும் காலபோகத்தின் கூட்டத்தில் சண்டை குறைவு, மழை கைகொடுக்கும். விதைப்பு முடிக்கும் திகதி, எத்தனை மாத நெல், வாய்க்கால் துப்புரவு, கட்டாக்காலி மாடுகளை எப்போதைக்குள் அகற்றுவது என்று பேசி முடித்துவிடுவார்கள்.

குளத்துத் தண்ணீரை நம்பிக் கோடையில் செய்யும் சிறுபோகம் வேறு கதை. குளத்தில் இத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பொறியியலாளர் கணக்கை வைப்பார். இரணைமடு 36 அடி கொள்ளும், கீழே ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயல் இருக்கிறது. அவ்வளவுக்கும் சிறுபோகத்தில் தண்ணீர் காணாது. அப்போதுதான் பங்கு வருகிறது. காலபோகத்தில் நான்கு ஏக்கர் செய்தவருக்கு இரண்டு ஏக்கர்தான் என்று முடிவானதாக வைத்துக்கொள்வோம். அந்த இரண்டும் அவருடைய சொந்த வயலிலேயே அமைய வேண்டும் என்றில்லை. துருசுக்கு, அதாவது குளத்து மதகுக்கு, கிட்டிய வாய்க்கால்களை மட்டும் திறந்து, கடைசி வாய்க்கால்காரருக்கு மேல் வயலில் பங்கு கொடுப்பதும் உண்டு. ஒருவருடைய வரம்புக்குள் இன்னொருவர் ஒரு போகம் விதைத்து அறுத்துவிட்டுப் போவது சின்ன விஷயமில்லை. எந்த உறுதிப் பத்திரத்திலும் எழுதாத நம்பிக்கை அது.

இந்த ஏற்பாட்டின் ஓட்டையும் இங்கேதான். பங்கு போவது பதிவில் இருக்கும் காணிக்காரருக்கு. அவர் யாழ்ப்பாணத்திலோ கனடாவிலோ இருக்கலாம். சேற்றில் இறங்குபவர் குத்தகைக்காரர், அவர் அந்தப் பங்கையும் காசு கொடுத்தே வாங்க வேண்டியிருக்கிறது. உழுபவர் பேச இடமில்லாத கூட்டம் அரைக் கூட்டம் என்பேன்.

கூட்டத்தில் உங்கள் குரல் கமக்காரர் அமைப்பு வழியாகத்தான் கனமாகும். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தோடு வயலையும் தண்ணீரையும் மேற்பார்த்த பழைய கமவிதானை முறை போனது. இப்போது நடைமுறையில் இருப்பது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், அமைப்புகள் பதிவாவது அதன் கீழ். பதிவு பெற்ற அமைப்பு குளக்கட்டு, வாய்க்கால் திருத்த வேலைகளை ஒரு வரம்புத் தொகைக்குள் தானே ஒப்பந்தமாக எடுக்கலாம். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது, எதிர்த்து நின்றவை இந்த அமைப்புகளே. பிறகு தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் வழி தேடப்பட்டது. யாழ்ப்பாணத்தாரின் தாகமும் நியாயமானதே. ஆனால் பேச ஓர் அமைப்பு இல்லாதிருந்தால் கமக்காரரை யார் கேட்டிருப்பார்கள்?

சரி, செய்ய வேண்டியது என்ன? கமநல சேவை நிலையத்துக்குப் போய், காணிப் பதிவேட்டில் உங்கள் பெயரும் ஏக்கரும் சரியா என்று பாருங்கள். ஏக்கர் வரி கட்டிய பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கணவர் பெயரில் இருந்த காணியைச் செய்யும் பெண்கள் பெயர் மாற்றத்தைப் போகம் தொடங்குமுன் கேட்பது நல்லது, விதைப்பு நேரத்தில் நிலையத்தில் நிற்க இடமிருக்காது. குத்தகைக்குச் செய்பவர்கள் வாய்ப்பேச்சோடு விடாமல் எழுத்தில் வாங்குங்கள். கூட்ட முடிவை மீறி விதைத்தால் தண்ணீர் கேட்க முடியாது. உர மானியமும் அழிவு நட்டஈடும் கிடைக்காது என்றே பல கூட்டங்களில் தீர்மானமாக எழுதிவிடுகிறார்கள். கூட்டம் முடிந்ததும் உங்கள் வாய்க்காலுக்கு எத்தனை ஏக்கர் எழுதினார்கள் என்று அமைப்பின் செயலாளரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.