குளிர்கால உப்பும் பைக்கின் பிரேக்கும்

குளிர்காலம் முடியும் சமயத்தில் பட்டறைக்கு வந்த ஒரு பைக் இன்னும் நினைவில் இருக்கிறது. டேங்கில் முகம் பார்க்கலாம், அப்படி மின்னியது. வாரம் தவறாமல் மெழுகு போட்டுத் துடைத்ததாக உரிமையாளர் சொன்னார். பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக் கையால் சுற்றினேன். அரைச் சுற்றுகூடப் போகவில்லை. பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைப் பிரித்தால், பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் சீல் உட்காரும் பள்ளத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து கிடந்தது.

அந்த வெள்ளைப் பொடிதான், சாலை உப்பு கிளப்பிவிட்ட அலுமினியத்தின் துரு. அரித்துப்போன உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். சீலுக்குப் பின்னால் சேரச் சேர சீலை உள்ளே தள்ளும். சீல் பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும். லீவரை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். வண்டி இழுக்காது, டிஸ்க் சூடேறும், பேட் கோணலாகத் தேயும். குளிர்காலம் முழுக்க ஓட்டுகிற பலரும் பெயின்ட்டைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். எனக்கோ முதல் கவலை பிரேக்.

பனிக்கட்டி உருக உறைபனிச் சாலையில் கொட்டுவது பெரும்பாலும் சமையல் உப்பின் முரட்டு அண்ணன், அதே சோடியம் குளோரைடு. கலவை சரியாக இருந்தால் உப்புத் தண்ணீர் மைனஸ் 21 டிகிரி வரைகூட உறையாது. ஆனால் சாலையில் மைனஸ் 10 அளவிலேயே அதன் வேகம் குறைந்துவிடும். அதைவிடக் குளிர்ந்தால் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு போடுவார்கள். இவை இரண்டும் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். அதனால் சாலை காய்ந்து தெரிந்தாலும், வண்டியின் அடியில் ஒட்டியது நசநசவென்றுதான் இருக்கும்.

துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வேலை. சுத்தமான தண்ணீரைவிட உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அந்த வேலை வேகமாக நடக்கிறது. போதாததற்கு, அலுமினியத்தையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் காக்கிற மெல்லிய ஆக்சைடு படலத்தைக் குளோரைடு துளைத்துவிடும். 'ஸ்டெயின்லெஸ்தானே, ஒன்றும் ஆகாது' என்பவர்களிடம் குழி விழுந்த போல்ட்டைக் காட்டுவேன். அலுமினிய இன்ஜின் உறையில் ஸ்டீல் போல்ட் இறங்கும் இடம் இன்னும் மோசம்: இரண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர், கிட்டத்தட்ட ஒரு பேட்டரிதான். ஸ்பேனர் போட்டால் தலை மட்டும் கையோடு வரும்.

இன்னொன்று, வண்டிமேல் உள்ள பாசத்தில் செய்கிற தவறு. உப்பில் நனைந்த பைக்கைக் கழுவாமல் சூடான கராஜில் விடுவது. சூடு ஏற ஏற அரிப்பும் வேகமெடுக்கும். கழுவ முடியாத நாளில் குளிரிலேயே, கூரைக்கு அடியில் நிற்கட்டும்.

கழுவ சாதாரண ஹோஸ் போதும். கீழிருந்து மேலாக, நிதானமாக, நிறையத் தண்ணீர். காலிப்பரின் உள்பக்கம், சைலன்சர் குழாய் இன்ஜினோடு சேரும் இடம், ரேடியேட்டரின் அடி, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், ஸ்டாண்டின் கீல், ஸ்போக்ஸ் ரிம்மில் நுழையும் இடம் எதையும் விடக்கூடாது. பிரஷர் வாஷரைச் சக்கர பேரிங் பக்கமோ ஒயரிங் கனெக்டர் பக்கமோ பிடித்தால், உப்பை நாமே சீல் தாண்டி உள்ளே அனுப்பியதாகிவிடும். உப்பை 'முறிக்க' சோடா மாவு கரைத்து ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். முறிக்க உப்பு என்ன அமிலமா? தண்ணீரில் கரைத்து ஓடவிட வேண்டியதுதான். பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம். பலவற்றில் கெட்டிப்படுத்த உப்பே சேர்க்கிறார்கள்.

கழுவியதும் ஒரு சுற்று ஓட்டி உலர்த்தச் சொல்வார்கள். சரி, ஓட்டினால் மறுபடி உப்புதானே? நான் ப்ளோயரால் ஊதிவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் தள்ளி நாலைந்து முறை பிரேக் பிடித்துப் பார்ப்பேன். செயின் நன்றாகக் காய்ந்த பிறகுதான் எண்ணெய். ஈரத்தின்மேல் போட்டால் தண்ணீரை உள்ளே பூட்டியதாகிவிடும்.

குளிர்காலம் தொடங்கும் முன் துருத்தடுப்பு ஸ்ப்ரேயை மெல்லிய படலமாக அடிக்கலாம். விமானங்களுக்காக உருவான ஏசிஎஃப்-50 நான் பழகியது. டிஸ்க், பேட், டயர் மூன்றிலும் ஒரு துளிகூடப் படக்கூடாது. அடிக்கும்போது துணியால் மூடிவிடுங்கள். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்ட நல்லது, ஆனால் அது விடும் படலம் ஒரு குளிர்காலத்துக்குத் தாங்காது. கனெக்டர்களுக்கு, மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ். முன் மட்கார்டுக்குக் கீழே ஒரு நீட்டிப்புத் துண்டு போட்டால் ரேடியேட்டர் பக்கம் தெறிப்பது நிறையக் குறையும்.

காலிப்பரை மட்டும் குளிர்காலத்தின் நடுவில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை கழற்றுங்கள். பிஸ்டனின் வெளியே தெரியும் பகுதியைத் துடைத்த பிறகே உள்ளே தள்ள வேண்டும். அழுக்கோடு தள்ளினால் சீல் கிழியும். காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னுக்கு ரப்பரைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ். பிரேக் வேலையில் கை பழகாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

பனி நின்றதும் வண்டியை வெளியே எடுக்க மனசு துடிக்கும். ஆனால் சாலையோரத்து உப்பு உடனே போய்விடாது. இரண்டு மூன்று பெருமழை அடித்துக் கழுவும் வரை என் சொந்த பைக் மூடியபடியே நிற்கும், காற்றுப் புகும் துணி உறைக்குள்.