மின்தடைன்னா கரண்ட் போறதா, ரெசிஸ்டன்ஸா?

காரைக்குடிப் பக்கம் பேப்பர்ல அடிக்கடி வரும், செக்காலை, கழனிவாசல் பகுதியில நாளைக்கு மின்தடைன்னு. உடனே வீட்டுல ஆச்சி மோட்டாரப் போட்டு தொட்டிய ரொப்பச் சொல்லிடுவாங்க. அதே வீட்டுல பத்தாவது படிக்கிற பையனோட சயின்ஸ் புக்குல மின்தடைன்னா ரெசிஸ்டன்ஸ், அலகு ஓம். ஒரே சொல்லு, ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு அர்த்தம். என்னக் கேட்டா பேப்பர்க்காரங்கதான் மாத்திக்கணும், அவங்களுக்கு மின்வெட்டு, மின்நிறுத்தம்னு வேற சொல்லு ரெண்டு இருக்கு, புக்குக்கு இது ஒண்ணுதான்.

ரெசிஸ்டன்ஸ் லத்தீன்ல இருந்து வந்தது, எதிர்த்து நிக்கிறதுன்னு அர்த்தம். தமிழ்ல கொடு கொடை ஆகுது, விடு விடை ஆகுது, அதே மாதிரி தடு தடை ஆயிடுச்சு, சுத்தமான சொல்லு. என்ன ஒண்ணு, நம்ம காதுல தடைன்னு விழுந்தா 144 தடை உத்தரவுதான் ஞாபகம் வருது, அதனால பசங்க மின்தடைன்னா கரண்ட நிப்பாட்டிடும்னு நெனச்சுக்கிறாங்க. நிப்பாட்டாதுங்க, ஓட விடும், ஆனா கஷ்டப்படுத்தி ஓட விடும், அந்தக் கஷ்டம் பூரா சூடா வெளிய வரும், அயர்ன் பாக்ஸ் வேலை செய்யறதே அப்படித்தான். இதுல மின்தடை வேற, மின்தடையம் வேற. முதலாவது குணம், ரெண்டாவது ரேடியோவுக்குள்ள கலர் கோடு போட்டு இருக்குமே அந்தப் பொருள்.

ஓம்ங்கிறது ஒரு ஜெர்மன்காரரோட பேரு, ஜார்ஜ் சைமன் ஓம், 1789ல பொறந்தவர், பிள்ளையார்பட்டியில கேக்குற ஓமுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்தக் காலத்து பேட்டரியில வோல்டேஜ் நிலையா நிக்காம எறங்கிக்கிட்டே இருந்ததால ரெண்டு உலோகத்த இணைச்சு ஒரு முனைய சூடாவும் இன்னொண்ண குளிராவும் வச்சு அதுல வர்ற கரண்டத்தான் அவர் சோதனைக்கு எடுத்துக்கிட்டாரு (செக்ரிங்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற காரைக்குடியில பேட்டரியோட கொணத்தப் பத்தி நான் சொல்லவா வேணும்). 1827ல புத்தகமாப் போட்டாரு. விஷயம் ஒரு வரிதான், வோல்ட்ட ஆம்பியரால வகுத்தா ஓம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினா வாட். அவ்ளோதான்.

230 வோல்ட்டுக்கு 1000 வாட் அயர்ன் பாக்ஸ்னா 1000ஐ 230ஆல வகுங்க, சுமார் 4.35 ஆம்பியர். 230ஐ இந்த 4.35ஆல வகுத்தா கிட்டத்தட்ட 53 ஓம். பிளக்கக் கழட்டிட்டு மல்டிமீட்டர வச்சாலும் அதை ஒட்டித்தான் காட்டும், ஏன்னா அந்தக் காயில் நிக்ரோம், நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம், சூடானாலும் தடை பெருசா மாறாது. பழைய குண்டு பல்புல இந்தக் கணக்கு பலிக்காது, 60 வாட் பல்பு எரியும்போது சுமார் 880 ஓம், அணைச்சு ஆறினதும் அதுல பத்துல ஒரு பங்குகூட இருக்காது.

இப்ப நம்ம ஊரு செட்டிநாட்டு வீட்டுக்கு வருவோம். முகப்பு ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல, மீட்டர் முகப்புல இருக்கும், கீசர் வளவு (நடு முற்றம்), ரெண்டாங்கட்டு எல்லாம் தாண்டி கடைசியில இருக்கும். 60 மீட்டர்னு வைங்க, போக வர 120 மீட்டர் வயரு. 1 ஸ்கொயர் எம்எம் (வயர வெட்டினா தெரியுற பரப்பு) காப்பர் வயரு கிலோமீட்டருக்கு சுமார் 18.1 ஓம், ஆக இதுல மட்டும் 2.17 ஓம். 2000 வாட் கீசரோட தடை 26.45 ஓம். ரெண்டையும் கூட்டி அதால 230ஐ வகுத்தா 8.7 ஆம்பியர் ஓட வேண்டிய எடத்துல 8தான் ஓடுது, கீசருக்குப் போய்ச் சேர்றது 213 வோல்ட்டுக்குள்ள, தண்ணிய சுட வைக்கிறது சுமார் 1700 வாட், செவுத்துக்குள்ள வயரு சூடாகி வீணாப் போறது 140 வாட், அதுக்கும் சேத்துத்தான் மீட்டர் ஓடும். "ஆச்சி, கீசர்ல ஒண்ணும் கோளாறு இல்ல, வயருதான் மெலிசு"ன்னு எலக்ட்ரீஷியன் சொன்னா நம்பலாம், 4 ஸ்கொயர் போடச் சொல்லுங்க.

வாட் ஜேம்ஸ் வாட் பேருல வந்தது, 1882ல வில்லியம் சீமென்ஸ்ங்கிற இன்ஜினியர் முன்மொழிஞ்சாரு. பவருக்குத் தமிழ் திறன். சக்தின்னும் எழுதுறாங்க, எனக்குப் பிடிக்கல, ஏன்னா எனர்ஜிக்கும் அதே சொல்லப் போட்டுக் கொழப்புறாங்க, அதுக்கு ஆற்றல்னு தனியா இருக்கே. ஈபி பில்லுல வர்ற யூனிட் ஆற்றல், 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினா 1 யூனிட். இலங்கையில பவருக்கு வலு, எனர்ஜிக்கு சக்தின்னு வச்சிருக்காங்க, அவங்களுக்கு அந்தக் கொழப்பம் இல்ல. நமக்கு குதிரைத்திறன் ஏற்கனவே பழகின சொல்லு, 1 குதிரைத்திறன் 746 வாட், அதனால 5 எச்பி மோட்டார்னா 3730 வாட். ஆனா அது சுத்துற தண்டுல (ஷாஃப்ட்) வெளிய வர்ற திறன், உள்ள இழுக்கிறது அதவிடக் கூட. அதோட மோட்டாருக்கு வெறும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி நிறுத்தினா கணக்கு தப்பும், திறன் காரணின்னு 1ஐத் தாண்டாத ஒரு எண் இருக்கு, பவர் ஃபேக்டர், அதாலயும் பெருக்கணும், மூணு பேஸ்னா 1.732 வேற சேரும்.