நியூட்ரோபீனியாவுக்குக் ‘குறைபாடு’ பொருந்துமா?

புற்றுநோய்க்குக் கீமோ மருந்து எடுப்பவர்களின் கையில் கொடுக்கிற துண்டறிக்கைகளில் நியூட்ரோபீனியாவை, அதாவது ரத்தத்தில் நியூட்ரோஃபில் அணுக்கள் குறைவதை, ‘வெள்ளணுக் குறைபாடு’ என்றே அச்சடிக்கிறார்கள். பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

நியூட்ரோஃபில், வெள்ளணுக்களில் ஒரு வகை. கிருமி உள்ளே வந்தால் முந்திக்கொண்டு ஓடுவது இதுதான். நடுநிலைச் சாயத்தை ஏற்பதால் வந்த பெயர். ‘பீனியா’ கிரேக்கச் சொல், வறுமை என்று பொருள். வரலாறு இவ்வளவுதான்.

‘குறைபாடு’ என்றதும் தமிழன் காதில் விழுவது இரும்புச்சத்துக் குறைபாடு, அயோடின் குறைபாடு. குறைந்ததைத் தின்றால் சரியாகும் சங்கதிகள். அதனால்தான் அறிக்கையைப் படித்த வீட்டில் மறுநாளே மாதுளை, பீட்ரூட் சாறு எல்லாம் வந்துவிடுகின்றன. டெங்குக் காலத்தில் பழகிய பப்பாளி இலைச் சாறு வேறு. ஏற்கெனவே வாய் கசந்து, ஒரு வாய் கஞ்சிக்கே ஓங்கரிக்கிறவரிடம் இதை நீட்டினால் என்ன செய்வார்? வேகமாய்ப் பிரியும் செல்களை அடிப்பது கீமோவின் வேலை. வெள்ளணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையும் அதில் அடிவாங்குகிறது. பெரும்பாலும் மருந்து ஏறிய 7 முதல் 14 நாளுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போய், பிறகு தானே ஏறும். முட்டையும் மீனும் உடம்பு தேற வேண்டும்தான். நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். ஆனால் நாலு நாளில் கவுண்டை ஏற்றும் சாறு எதுவும் கிடையாது. பி12, ஃபோலேட் சத்து இல்லாமலும் வெள்ளணு குறைவதுண்டு. அங்கே குறைபாடு என்பது அந்தச் சத்துக்குத்தான், அணுவுக்கு இல்லை.

இன்னொரு வம்பு. எய்ட்ஸ் விளம்பரங்கள் ‘நோய் எதிர்ப்புக் குறைபாடு’ என்று ஆண்டுக்கணக்கில் முழங்கியிருக்கின்றன. அதே சொல்லைக் கீமோ நோயாளியிடம் நீட்டினால் பயப்படாமல் என்ன செய்வார்?

தனித்தமிழ் அன்பர்கள் நியூட்ரோஃபிலுக்கு ‘நடுவமைநாடி’ என்கிறார்கள். தமிழ் மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனால் வர்ம ஆசான்கள் இன்னும் நாடி பிடிக்கிற குமரி மாவட்டத்தில் இதைச் சொன்னால், கையைத்தான் நீட்டுவார்கள்.

நாகர்கோவில் பக்கம் சனங்கள் சொல்வதைக் கேளுங்கள்: “கவுண்டு எறங்கிப்போச்சு, அடுத்த ஊசியத் தள்ளி வச்சிருக்காவ.” எறங்கினது ஏறும் என்பது அந்த வினையிலேயே இருக்கிறது. ஆகவே அணுவின் பெயரை அப்படியே விட்டு, ‘நியூட்ரோஃபில் இறக்கம்’ என்பதே என் பரிந்துரை. ரத்தப் பரிசோதனைத் தாளிலும் அந்தப் பெயர்தானே இருக்கிறது? ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் மொத்த வெள்ளணு 2,400, அதில் நியூட்ரோஃபில் 30 சதவீதம் என்றால் நியூட்ரோஃபில் கணக்கு 720. 1,500-க்குக் கீழே போனாலே இறக்கம். 500-க்குக் கீழே கடும் இறக்கம்.

மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லில் மட்டுமா கோட்டை விடுகிறார்கள்? ‘உடல் வெப்பநிலையில் உயர்வு காணப்படின் மருத்துவரை அணுகவும்’ என்று எழுதி வைக்கிறார்கள். காய்ச்சல் 100.4 காட்டினால் பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்காதீர்கள், நடுராத்திரி ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுத யார் கையைப் பிடித்தார்கள்?