பத்துப் பேர் சேரட்டும், வருகிறோம்

2021 ஏப்ரல் கடைசி வாரம். தேனி மாவட்டத்தில், கேரள எல்லைக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காலை எட்டு மணிக்கே ஒருவர் வாசலில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். அவர் கொரோனா தடுப்பூசி போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. அம்மாவுக்காக வந்திருந்தார். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை.

"தூக்கிட்டு வர முடியாது டாக்டரம்மா. யாரையாவது அனுப்பிவிடுங்க, ஆட்டோவுக்கு நான் கொடுத்துடுறேன்."

"உங்க தெருவுல ஒரு பத்துப் பேர் சேரட்டும், வர்றோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்தப் பத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. கோவிஷீல்டு தடுப்பூசிக் குப்பி ஒன்றில் பத்து டோஸ். திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிஞ்சுவதைக் கொட்டத்தான் வேண்டும். அந்த வாரம்தான் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய ஒரு பதில் எல்லாப் பத்திரிகையிலும் வந்திருந்தது: ஏப்ரல் 11 வரை நாட்டிலேயே அதிகமாகத் தடுப்பூசியை வீணாக்கிய மாநிலம் தமிழ்நாடு, 12 சதவீதத்துக்கு மேல். ஏப்ரல் 19 அன்று மத்திய அரசு அறிவித்த புதிய கொள்கையில், வீணாக்கும் மாநிலங்களுக்கு ஒதுக்கீடு குறையலாம் என்ற விதியும் இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் நடிகர் விவேக் இறந்திருந்தார். 15ஆம் தேதி ஊசி, 17ஆம் தேதி மரணம். ஊசி காரணமில்லை என்று நிபுணர் குழு பிறகு சொன்னது. அதற்குள் எங்கள் முகாம்கள் காற்று வாங்க ஆரம்பித்திருந்தன. ஆள் வருவதில்லை, திறந்த குப்பி மிஞ்சுகிறது, மிஞ்சினால் மேலிருந்து கேள்வி வருகிறது. இந்த நிலையில் ஒரே ஒரு கிழவிக்காகக் குப்பியைத் திறக்க எந்தச் செவிலியருக்கும் கை வராது. திறக்கச் சொல்லும் தைரியம் எனக்கும் வரவில்லை.

மே மாதம் தமிழ்நாட்டை உலுக்கிப் போட்டது. 21ஆம் தேதி ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அந்த மாதத்தில்தான் அந்த அம்மா இறந்தார். ஒரு டோஸ் போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டை விட்டு வெளியே போகாதவருக்கு, வெளியே போய் வந்தவர்கள்தான் நோயைக் கொண்டு வந்தார்கள். அவர்கள் ஊசி போட்டிருந்தார்கள், அவருக்குப் போடவில்லை.

ஜூலையில் மகன் இரண்டாவது டோஸுக்கு வந்தார். ஊசி போட்டு முடித்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது, கோபமே இல்லாமல் ஒன்று சொன்னார். "குமுளியில எங்க பெரியம்மா இருக்காங்க டாக்டரம்மா, எங்கம்மாவோட அக்கா. அவங்களும் படுக்கைதான். போன வாரம் பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கே வந்து போட்டுட்டுப் போயிருக்காங்க."

குமுளி கேரளத்தில் இருந்தாலும் எங்களுக்கு வேறு உலகம் இல்லை. கம்பத்தில் பஸ் ஏறினால் மலைப்பாதையில் ஏறி இறங்கிவிடலாம். அதே கோவிஷீல்டு ஊசி, அதே பத்து டோஸ் குப்பி, அதே நான்கு மணி நேரம். அக்கா பிழைத்த ஊருக்கும் தங்கை இறந்த ஊருக்கும் நடுவில் எது மாறியது என்று ரொம்ப நாள் யோசித்தேன். ஊசியின் எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. அங்கே ஒரு பட்டியல் இருந்தது. எங்களிடம் இல்லை.

கேரளத்தில் 2008இலேயே வலி தணிப்புச் சிகிச்சைக்கென்று அரசுக் கொள்கை வந்துவிட்டது. உள்ளாட்சி அமைப்புகளில் பாலியேட்டிவ் நர்ஸ்கள் இருக்கிறார்கள். எந்த வார்டில் யார் படுக்கையில் இருக்கிறார், யாருக்குப் புண் கட்ட வேண்டும், யாருக்குச் சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும் என்று அவர்களின் நோட்டில் இருக்கும். பெருந்தொற்று வருவதற்குப் பல வருடம் முன்பே எழுதிய நோட்டு. 2021 ஜூனில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் போட வழிகாட்டு நெறிமுறை வந்தபோது, அந்த நர்ஸ்கள் யார் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. குப்பியைக் கையாள்வதிலும் அவர்கள் கெட்டி. மே தொடக்கத்தில் கேரள முதல்வர் சொன்ன கணக்கு இது: மத்திய அரசிடமிருந்து வந்தது 73,38,806 டோஸ், மக்களுக்குப் போட்டது 74,26,164 டோஸ். குப்பியில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் மருந்தைச் சொட்டு விடாமல் எடுத்து, பதினோராவது ஆளுக்கும் போட்டிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எங்கள் செவிலியர்களைக் கூப்பிட்டு வைத்துக் காட்டினேன்.

நாடு முழுவதும் என்ன நிலை என்றால், வீட்டுக்குப் போய்ப் போடுவது அதுவரை மத்திய அரசின் நெறிமுறையிலேயே இல்லை. பக்க விளைவு வந்தால் பார்த்துக்கொள்ள முடியாது, மருந்து வீணாகும் என்பவை சொல்லப்பட்ட காரணங்களில் சில. மும்பை உயர் நீதிமன்றம் இதைப் பல முறை கேள்வி கேட்டது. மே 27 அன்று முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 'வீட்டுக்கு அருகில்' மையம் அமைக்கலாம் என்றார்கள். வீட்டுக்கே போகலாம் என்று மத்திய அரசு சொன்னது செப்டம்பர் 23 வாக்கில். அதற்குள் இரண்டாம் அலை வந்து, அடித்து, வடிந்தே போயிருந்தது. இடைப்பட்ட மாதங்களில் அந்தந்த ஊர் நிர்வாகம் துணிந்த இடத்தில் கிடைத்தது, துணியாத இடத்தில் இல்லை. தமிழ்நாட்டுக்குள்ளேயே மாவட்டத்துக்கு மாவட்டம் நிலைமை வேறாக இருந்தது.

'முன்னுரிமை' என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மார்ச் 1 முதல் 60 வயது தாண்டியவர்களுக்கும், 45 முதல் 59 வயதுக்குள் இணைநோய் உள்ளவர்களுக்கும் ஊசி. இணைநோய் என்று இருபது நிலைமைகளைப் பட்டியலிட்டிருந்தார்கள். படிவத்தில் பதிவு பெற்ற மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டும். நகரத்தில் இது சாதாரண வேலை. பைலை எடுத்துக்கொண்டு போனால் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் எழுதித் தந்துவிடுவார். எங்கள் பக்கத்தில் பத்து வருடமாகச் சர்க்கரை இருந்தும் ஒரு முறைகூட ரத்தம் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர். இதயம் பலவீனமாகி மூச்சு வாங்குகிறவரிடம் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட் இருக்காது, எக்கோ எடுக்க மதுரைக்குப் போக வேண்டும். நோய் இருந்தது, சீட்டு இல்லை. சீட்டு இல்லாததால் முன்னுரிமையும் இல்லை.

வயது வரம்பு இன்னொரு கொடுமை. அரிவாள் அணு ரத்தசோகை அந்த இருபதில் ஒன்று. நீலகிரி மாவட்டப் பழங்குடி மக்களிடம் அதிகம் காணப்படும் நோய் அது. அந்த நோயோடு பிறந்தவர்களில் பலர் 45 வயதைத் தாண்டுவதே பெரிது. அவர்களுக்கு 45க்கு மேல்தான் முன்னுரிமை என்றால் யாருக்கான முன்னுரிமை அது? தசைச்சிதைவு நோயுள்ள இருபது வயதுப் பையனுக்கும் இதே கதிதான்.

ஆனால் நீலகிரியில் நடந்ததை நல்ல உதாரணமாகவும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் ஊசிக்குப் பயந்து காட்டுக்குள் ஓடியவர்கள் உண்டு. இருந்தும் ஜூன் கடைசிக்குள் 18 வயது தாண்டிய பழங்குடி மக்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் முதல் டோஸ் போட்டுவிட்டதாக மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. அங்கே பல வருடமாக வேலை செய்த அமைப்புகள் உண்டு. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை 1990 முதல் இருக்கிறது; அதன் சுகாதாரப் பணியாளர்கள் அந்தச் சமூகங்களிலிருந்தே வந்தவர்கள். அவர்கள் பேச்சைக் கேட்பதற்கும் ஒலிபெருக்கி வைத்த ஜீப்பின் பேச்சைக் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அங்கேயும் ஆளை முன்பே தெரிந்திருந்ததுதான் கைகொடுத்தது.

மே 1 முதல் 18–44 வயதினருக்கு ஊசி என்றதும் மத்திய அரசின் கோவின் இணையதளத்தில் முன்பதிவு கட்டாயமானது. செல்போன், இணையம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். உச்ச நீதிமன்றம் மே 31 உத்தரவில் இந்த இணைய இடைவெளியைக் குறிப்பாகக் கேள்வி கேட்டது. ஜூன் தொடக்கத்தில் மற்ற மொழிகளைச் சேர்த்தபோது முதலில் தமிழ் இல்லை. எதிர்ப்பு வந்து சில நாளில் சேர்த்தார்கள். தடுப்பூசியில் கால் பங்கு தனியார் மருத்துவமனைகளுக்கு என்று ஒதுக்கினார்கள். அப்போது கோவிஷீல்டுக்கு 780 ரூபாய், கோவாக்சினுக்கு 1,410 ரூபாய் வரை அவர்கள் வாங்கலாம் என்று இருந்தது. பெரிய தனியார் மருத்துவமனை எங்கே இருக்கிறதோ அங்கேதான் அந்தக் கால் பங்கு போகும். எங்கள் வாசலில் 'இருப்பு இல்லை' அட்டை தொங்கிய ஜூன் முதல் வாரத்திலும் காசு உள்ளவர்களுக்கு நகரத்தில் கிடைத்தது.

சரி, நாங்கள் என்ன செய்தோம்?

கிராம சுகாதார செவிலியர்களிடம் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தேன். நடக்க முடியாதவர், படுக்கையில் இருப்பவர், மனநலம் குன்றியவர், டயாலிசிஸ் போகிறவர் என்று அவரவர் பகுதியில் எழுதி வரச் சொன்னேன். தாய்சேய் வேலைக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்கள் அவர்கள். ஆனாலும் எழுதி வந்த எண்ணிக்கையைப் பார்த்து அவர்களே அசந்துபோனார்கள். உள்ளறையில் கிடக்கும் கிழவரைப் பற்றி யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

அப்புறம் அந்தப் பத்துக் கணக்கைத் திருப்பிப் போட்டோம். ஒரு தெருவில் படுக்கையில் இருப்பவர் இரண்டு பேர்தான் என்றால், மீதி எட்டு டோஸை அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மகளுக்கும் மருமகளுக்கும், பக்கத்து வீட்டு முதியவருக்கும் போடலாமே? முந்தின நாளே போனில் சொல்லி வைப்போம். ஒரு செவிலியர் ஊசி போட்டுவிட்டு, அட்ரினலின் உள்ளிட்ட அவசர மருந்துகளோடு அரை மணி நேரம் அங்கேயே இருப்பார். இன்னொருவர் தடுப்பூசி வைத்த குளிர்பெட்டியோடு அடுத்த வீட்டுக்கு நகர்வார். முதல் நாள் ஒரே ஆட்டோவில் ஏழு வீடு போனோம். குப்பியில் ஒரு டோஸ் மிச்சம் இருந்தது, நேரமும் இருந்தது. ஓட்டுநருக்கே போட்டோம்.

ஏலக்காய்த் தோட்டத்துப் பெண்களிடம் இன்னொரு பாடம் படித்தோம். விடியும் முன் ஜீப்பில் ஏறி மலைக்குப் போய் இருட்டும் நேரத்தில் திரும்புகிறவர்கள். காலை ஒன்பதிலிருந்து நாலு மணி வரை நாங்கள் நடத்திய முகாமை அவர்கள் கண்ணாலும் பார்த்ததில்லை. 'ஊசிக்குப் பயம்' என்று ரிப்போர்ட்டில் எழுதி வைத்திருந்தோம். கேட்டால் ஒரு அக்கா சொன்னார்: "பயம்லாம் இல்லம்மா. போட்டா மறுநாள் காய்ச்சல் வருதாம்ல, ஒருநாள் கூலி போயிரும்." மறுநாள் வேலை இல்லாத சனிக்கிழமை சாயங்காலத்தில் ஜீப் ஸ்டாண்டிலேயே மேசை போட்டோம். ஜீப்பை விட்டு இறங்கியவர்கள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். செப்டம்பர் 12 முதல் மாநிலம் முழுவதும் நடந்த மெகா முகாம்களையும் அரசு பிறகு ஞாயிறிலிருந்து சனிக்குத்தான் மாற்றியது. அங்கே காரணம் வேறு: ஞாயிற்றுக்கிழமை கறியும் மதுவும் எடுப்பவர்கள் ஊசிக்குத் தயங்கினார்கள். எந்தக் காரணமானாலும், மக்களின் கிழமையைப் பார்த்து முகாம் வைப்பதுதான் சரி.

படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளில் நான் அடிக்கடி கேட்ட ஒன்று: "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்க, ஊசி கூடாதுன்னுட்டாங்க." தொடக்கத்தில் வந்த நிறுவனக் குறிப்புகளால் இந்தக் குழப்பம் எங்கள் ஆட்களிடமே இருந்தது. ஆஸ்பிரின், குளோபிடோகிரல் சாப்பிடுவது ஊசிக்குத் தடையே இல்லை. வார்ஃபரின் போன்றவை எடுப்பவர்கள் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. நிறுத்தியதால் மறுபடி பக்கவாதம் வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த தொற்று வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமோ நகர சுகாதார செவிலியரிடமோ போய் அவர் பெயரைப் பதியச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் மட்டுமல்ல, படுக்கையில் இருப்பவர்களுக்கான பராமரிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அதில் ஒருவர் பெயர் ஏறிவிட்டால் அரசின் நோட்டில் அவர் இருக்கிறார் என்று பொருள். யாரைப் பார்ப்பது என்று புரியாவிட்டால் 104க்கு போன் செய்து கேளுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்காமல் இருந்தால் வாங்கிவிடுங்கள்.

ஒரு தாளில் அவருடைய நோய், சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, கூட இருந்து பார்த்துக்கொள்பவரின் போன் நம்பர் ஆகியவற்றை எழுதி, மருத்துவச் சீட்டுகளோடு சேர்த்து வையுங்கள். நம்பர் மாறினால் செவிலியரிடம் சொல்லுங்கள். முகவரிக்குக் கதவு எண் மட்டும் போதாது. எங்கள் ஊர்களில் ஒரே சந்தில் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். 'மாரியம்மன் கோயிலுக்குப் பின் சந்து, அடிகுழாய்க்கு எதிரே, நீலக் கதவு' என்று எழுதுங்கள். திறந்த குப்பியோடு மழையில் வீடு தேடி வரும் செவிலியருக்கு அந்த நீலக் கதவு தெரிந்தால் போதும்.